வேலூர் 1806 வானொலி நாடகம்: யார் பேசுகிறார்கள் என்றே கேட்பவர்களுக்குப் புரியவில்லை, உதவி வேண்டும்

அகழி:
வணக்கம். வேலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியை வைத்து எங்கள் வகுப்பில் 20 நிமிட வானொலி நாடகம் செய்கிறோம். ஒரு வளாக சமுதாய வானொலியில் இந்த ஜூலை 10 அன்றே ஒலிபரப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சோதனைப் பதிவை விடுதியில் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். நடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் "இப்போ பேசினது யாரு?", "இது கோட்டைக்குள்ளயா, வெளியிலயா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

விவரம்: 14 பாத்திரங்கள், அதில் 11 பேர் ஆண்கள். நடுவில் ஒரு கதைசொல்லி வந்து விளக்குகிறார். வாசித்தால் 27 நிமிடம் ஓடுகிறது. வகுப்பறையில் ஒரு டைனமிக் மைக்கும் கைபேசிகளும் வைத்துப் பதிந்தோம். எதிரொலி அதிகம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சல் நீக்கியைப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுகிறது. துப்பாக்கிச் சத்தம் சேர்த்தால் வசனம் கேட்பதில்லை.

கோட்டைக்குள் காற்று வாங்கப் போகிற இந்த ஊர் மக்களுக்கு அந்த இரவை எங்கள் குரலில் கேட்க வைக்க வேண்டும். எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

ஒலிமேசை:
அம்மா, வானொலி நாடக ஒலிப்பதிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். எதிரொலியை அப்புறம் பார்க்கலாம். முதல் கோளாறு ஸ்கிரிப்டில் இருக்கிறது.

ஒரே வயதுப் பையன்கள் 11 பேர் பேசினால் பெற்ற தாய்க்கே குழம்பும். 20 நிமிடத்துக்கு ஐந்து அல்லது ஆறு குரல் போதும். மற்றவர்களைக் கூட்டத்தின் சத்தமாக ஆக்குங்கள். மிஞ்சுகிற குரல்களை வயது, கனம், வேகம் பார்த்துப் பிரியுங்கள். ஒரே காட்சியில் வருகிற இருவருக்குக் கட்டாயம் இரண்டு விதமான குரல் வேண்டும். உங்கள் வகுப்புப் பையன்கள் யாருக்கும் ஐம்பது வயதுக் குரல் வராது, அலுவலகப் பணியாளர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக வருவார்கள்.

காட்சி தொடங்கி முதல் மூன்று வசனத்துக்குள் எங்கே இருக்கிறோம், யார் யாரோடு பேசுகிறார் என்ற இரண்டும் காதுக்குத் தெரிந்துவிட வேண்டும். அதற்குக் கதைசொல்லி தேவையில்லை. அழைக்கிற முறையிலேயே வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஸ்கிரிப்டை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த இடத்தில் குழப்பம் வருகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள்.

27 நிமிடத்தை 20 ஆக்க வேகமாகப் பேச வைக்காதீர்கள். ஒரு கிளைக்கதையை முழுதாக வெட்டுங்கள். மிச்சத்தைக் கடிகாரம் வைத்து, இடைவெளிகளோடு நடித்து வாசித்துப் பாருங்கள். பக்கக் கணக்கு, வார்த்தைக் கணக்கு எதையும் நம்ப வேண்டாம்.

அகழி:
நன்றி ஐயா. கதைசொல்லியை எடுத்துவிட்டால் 1805இல் வந்த உடை உத்தரவு, திப்பு சுல்தானின் குடும்பம் கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்தது, இதையெல்லாம் யார் சொல்வது? ஆசிரியர் அவை கட்டாயம் வேண்டும் என்கிறார்.

ஆற்காட்டு டீச்சர்:
உங்கள் ஆசிரியர் சொல்வது சரிதான். ஆனால் பாடமாகச் சொல்ல வேண்டாம், அந்த உத்தரவு ஒவ்வொரு சிப்பாயின் உடம்பையும் தொட்ட விஷயம். நெற்றியில் குறி இடக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். எதிர்த்தவர்களுக்கு மே மாதத்தில் சவுக்கடி விழுந்தது. இவ்வளவையும் இரண்டு சிப்பாய்கள் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஒன்றரை நிமிடத்தில் முடியும்.

எந்தக் கிளைக்கதையை வெட்டுவது என்று கேட்டால், சென்னைக் காட்சிகளை வெட்டுங்கள். சென்னை கவர்னர் பெண்டிங்கும் சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிரடாக்கும் நாடகத்தில் பேச வேண்டியதில்லை. கடைசியில் அந்த உத்தரவு ரத்தானதும், இருவரையும் பதவியிலிருந்து திரும்ப அழைத்ததும் ஒரு வரியில் வந்தால் போதும்.

பெண் குரல் இல்லாமல் தவிக்கிறீர்கள் போலத் தெரிகிறது. கோட்டைத் தளபதி கர்னல் பான்கோர்ட்டின் மனைவி அமீலியா அந்த இரவைப் பற்றித் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். விடியாத இருட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, கணவர் வெளியே போகிறார், இவர் இரண்டு குழந்தைகளோடு ஒளிந்திருக்கிறார். வெளியே நடப்பதை முக்கால்வாசி சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்கிற ஆள் இவர். வானொலிக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடைக்காது. அவரையும் மனிதராகவே காட்டுங்கள். அதனால் சிப்பாய்களின் நியாயம் குறைந்துவிடாது.

முடிவையும் மழுப்ப வேண்டாம். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, சிப்பாய்கள் கைப்பற்றியிருந்த கோட்டையைத் திரும்பப் பிடித்த பிறகு, கோட்டையிலிருந்த அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இறந்த சிப்பாய்களின் மொத்த எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது, அதனால் பாத்திரத்தின் வாயில் எண் எதையும் வைக்காதீர்கள்.

ஆரணிக் கூத்துப்பிள்ளை:
தங்கச்சி, கதைசொல்லி வேண்டவே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம வடஆற்காட்டில் தெருக்கூத்து இருக்கும்போது, கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளியான கட்டியங்காரனை ஏன் விட வேண்டும்? கூத்தில் வேஷம் முதலில் திரைக்குப் பின்னால்தான் நிற்கும். ஆளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே குரல் வந்துவிடும். நான் யார், எந்த ஊர், எதற்கு வந்தேன் என்று பாடிவிட்டுத்தான் வெளியே வரும். உங்களுக்கு வேண்டியதும் அதேதானே.

உங்கள் கதைசொல்லி பேராசிரியர் மாதிரி பேசுவதால்தான் சலிப்பு வருகிறது என்று நினைக்கிறேன். அவரைக் கட்டியங்காரனாக மாற்றிப் பாருங்கள். அவன் பாத்திரங்களிடமே கேள்வி கேட்பான்: "ஏனய்யா, தலையில இருக்கிறது என்ன?" பதில் சொல்கிறவர் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்வார். காட்சி மாறும்போது மத்தளமும் முகவீணை என்ற சின்னக் குழலும் நாலைந்து நொடி வந்தால் போதும், இடம் மாறிவிட்டது என்று காது புரிந்துகொள்ளும். உங்கள் பக்கத்துக் கிராமத்திலேயே வாசிக்கிறவர்கள் இருப்பார்கள். நேரில் போய்க் கேளுங்கள், கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். சினிமா பின்னணி இசையை எடுத்துப் போட்டால் உரிமைப் பிரச்சினை வரும், இந்த இரவுக்கு அது ஒட்டவும் ஒட்டாது.

ஒலிமேசை:
நல்ல யோசனை, கட்டியங்காரனை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும்: சுடுதல் தொடங்கிய பிறகு அவன் வரக் கூடாது. அந்த இடத்தில் கேட்பவர் அமீலியாவோடும் சிப்பாய்களோடும் தனியாக இருக்க வேண்டும்.

இப்போது எதிரொலிக்கு வருகிறேன். பதிவில் ஒட்டிய எதிரொலி போகாது, மறுபடி பதிவதுதான் வழி. வகுப்பறையின் வெறும் சுவரும் டைல்ஸ் தரையும்தான் காரணம். விடுதி அறையில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, ஜமக்காளத்தைத் தரையில் விரித்து, நடிப்பவருக்குப் பின்னால் போர்வை தொங்கவிடுங்கள். நூலக அடுக்குகளுக்கு நடுவிலும் நன்றாக வரும். மின்விசிறி ஓடக் கூடாது, அதனால் வேலூர் வெயிலுக்கு முன்னால் காலை 5 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கோட்டை மதில் மேல் நடக்கிற காட்சிக்கு எதிரொலியே இருக்கக் கூடாது, அது திறந்தவெளி. வாசல் மண்டபத்துக்கு இருக்கலாம். உங்கள் சோதனைப் பதிவில் மதிலும் மண்டபமும் ஒரே வகுப்பறையாக ஒலித்திருக்கும், "உள்ளேயா வெளியேயா" என்ற கேள்வி அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

கைபேசியையும் மைக்கையும் கலக்காதீர்கள், இரண்டிலும் குரல் ஒலிக்கும் விதமே வேறு. எல்லா வசனத்துக்கும் அந்த டைனமிக் மைக்கே போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், மூச்சு நேராக அடிக்காதபடி கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். ரகசியம் பேசும்போது கிட்டே வரட்டும், கத்தும்போது இரண்டடி பின்னால் போய் முகத்தைத் திருப்பட்டும். தூரத்தில் இருப்பவரின் குரலைக் கணினியில் குறைத்தால் அது தூரமாகக் கேட்காது, சின்னதாகத்தான் கேட்கும். அவர் நிஜமாகவே தள்ளி நிற்க வேண்டும்.

அளவு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. சாதாரண வசனத்தின் உச்சம் கழித்தல் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். உச்சத்தில் வெட்டுப்பட்ட கத்தலைப் பிறகு சரிசெய்ய முடியாது.

அகழி:
துப்பாக்கிச் சத்தத்துக்கு என்ன செய்வது ஐயா? குதிரைப்படைக்கும் எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஒலிமேசை:
இணையத்தில் இறக்கியது பெரும்பாலும் இந்தக் காலத்துத் துப்பாக்கியாக இருக்கும். 1806இல் படபடவென்று சுட முடியாது. அப்போதிருந்தது சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கி, பழகிய கைக்கே நிமிடத்துக்கு மூன்று வெடிதான். ஆகவே ஒரு வெடி, அப்புறம் மருந்து இடிக்கும் கம்பியின் சத்தம், ஓட்டம், மூச்சு, மறுபடி ஒரு வெடி. அந்த இடைவெளிகளில் வசனம் உட்காரும். உங்கள் சிக்கல் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். வசனத்துக்கு அடியில் வெடி விழுந்தே ஆக வேண்டுமென்றால் அதன் தொடக்கத்தை மட்டும் விட்டு வாலைச் சட்டென்று இறக்குங்கள்.

குதிரைக்குக் கொட்டாங்கச்சி இரண்டு, ஒரு தட்டில் மண். நாலுகால் பாய்ச்சலில் குளம்புகள் ஒவ்வொன்றாக நாலு முறை விழும், பிறகு சின்ன இடைவெளி. இந்தத் தாளம் வந்தால் குதிரை வந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் சற்று முன்பின்னாகத் தட்டி, அதையே அடுக்கினால் படை ஆகிவிடும். பெல்ட்டும் சாவிக்கொத்தும் கூடக் குலுங்கட்டும்.

அகழி:
முதல் காட்சியைத் திருப்பி எழுதினோம். பாத்திரங்கள் ஆறு. கட்டியங்காரன் போன பிறகு இப்படித் தொடங்குகிறது:

(அகழித் தவளைகள். கல்லில் நடக்கும் காலடி நிற்கிறது.)
இளையவன்: (கிட்டே, மெதுவாக) சாச்சா... தூக்கமா?
மூத்தவர்: இந்தத் தலைப்பாகையை மாட்டிக்கிட்டு எவன்டா தூங்குவான்? தோல் நாத்தம் மண்டைக்குள்ள ஏறுது.
இளையவன்: கழட்டி வைங்களேன்.
மூத்தவர்: போன மே மாசம் கழட்டினவன் முதுகைப் பாத்தியா நீ?

ஆற்காட்டு டீச்சர்:
அருமை. "சாச்சா" என்ற ஒரு அழைப்பிலேயே இருவரின் வயதும் உறவும் தெரிந்துவிடுகிறது. தமிழ், தக்காணி உருது, தெலுங்கு எல்லாம் புழங்கிய படை அது. மூத்தவருக்கு நம்ம வேலூர் உருது ஓரிரு இடத்தில் வரட்டும், அந்த மொழியை வீட்டில் பேசுகிற மாணவரையே நடிக்க வையுங்கள். நகல் உச்சரிப்பு வேண்டாம். ஒரு திருத்தம்: "கழட்டினவன்" என்பதை "மாட்ட மாட்டேன்னவன்" என்று மாற்றுங்கள். அவர்கள் அணியவே மறுத்தவர்கள்.

ஒலிமேசை:
"கல்லில் நடக்கும் காலடி" முதலில் வரட்டும், தவளை அடுத்து. தவளை மட்டும் முதலில் வந்தால் கேட்பவர் வயல் என்று நினைப்பார். ஒவ்வொரு இடத்திலும் பதிவு முடிந்ததும் யாரும் அசையாமல் 1 நிமிடம் அந்த இடத்தின் ஒலியைத் தனியாக எடுத்து வையுங்கள், வெட்டி ஒட்டும் இடங்களை அதை வைத்துத்தான் மூட முடியும். கலவை முடிந்தவுடன் இயர்போனை நம்பாமல், கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் போட்டு, கதையே தெரியாத ஒருவரைக் கேட்க வையுங்கள்.