அவசரம்: ‘டிரை’ ஒயினுக்குத் தமிழில் என்ன?

ஈசூனிலிருந்து, புதன் காலை

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் செய்யும் ஒரு குடும்பம், இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையோடு சேர்ந்து விருந்து வைக்கிறது. நான்கு மொழியிலும் கையேடு. தமிழ் என் தலையில். நாளை மாலை 6 மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும்.

இரண்டே ஒயின்தான். ஒன்று ஷிராஸ்: சிவப்பு, கருமிளகு வாசம், ‘டிரை’, மட்டன் மைசூரோடு. மற்றது ஈடன் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்: வெள்ளை, எலுமிச்சைப் புளிப்பு, ‘ஆஃப் டிரை’, மீன் தலைக் கறியோடு. ‘டிரை’ (dry) என்பதை அப்படியே ‘உலர் ஒயின்’ என்று போட்டு அம்மாவிடம் காட்டினேன். “உலர் திராட்சையில் செய்ததா?” என்று கேட்டார். அங்கேயே நிற்கிறேன்.

தோ பாயோவிலிருந்து, புதன் முற்பகல்

அம்மா, முதலில் ‘ஒயின்’ எதற்கு? தேறல் இருக்கிறதே. தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் அடியில் தங்கித் தெளிந்த மது தேறல். புறநானூறு 56இல் நக்கீரர் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறார். கப்பலில் வந்த ஒயினுக்கு அன்றே நம்மிடம் பெயர் இருந்திருக்கிறது. அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்த மத்தியதரைக்கடல் சாடித் துண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து ‘டிரை’. விடை துவர். துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. துவர்தல் என்றால் உலர்தல். நாஞ்சில் நாட்டில் துண்டுக்குத் ‘துவர்த்து’ என்று பெயர், தலை துவர்த்துவது அதனால்தான். துவர் என்றால் செந்நிறமும் ஆகும். சுவை, உலர்வு, சிவப்பு மூன்றும் ஒரே வேரில்! துவர்த்தேறல். வேறென்ன வேண்டும்?

ஜூரோங்கிலிருந்து, புதன் மதியம்

ஐயா, அழகான வேர்தான், ஆனால் தப்பான செடி. உணவகத்தில் ஒயின் ஊற்றிப் பிழைப்பவன் சொல்கிறேன்.

வாயை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு டானினால் வருவது. திராட்சைத் தோல், விதை, ஓக் பீப்பாய் இவற்றிலிருந்து இறங்கி, எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வாழைப்பூ துவர்க்கிறதே, அதே சங்கதி. ‘டிரை’ அதுவல்ல. ஈஸ்ட் சாற்றின் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிறது. ஏறக்குறைய முழுவதையும் தின்றுவிட்டால் ‘டிரை’, கொஞ்சம் மிச்சம் வைத்தால் ‘ஆஃப் டிரை’. வெள்ளை ஒயினில் துவர்ப்பு பேருக்குத்தான் இருக்கும், ஆனாலும் அது ‘டிரை’யாக இருக்கலாம். துவர்த்தேறல் என்று போட்டால் ரீஸ்லிங் எங்கே போகும்?

கறிக்கும் இது முக்கியம். மிளகாய்க் காரத்தின் மேல் சாராயமும் டானினும் ஏறினால் எரிச்சல் கூடும். மிச்ச இனிப்பு அதைத் தணிக்கும். மீன் தலைக் கறிக்கு ‘ஆஃப் டிரை’ ரீஸ்லிங் வைத்தது அதற்காகத்தான், கறியில் உள்ள புளிக்கும் அதன் புளிப்பு ஈடுகொடுக்கும். ஷிராஸின் டானினை ஆட்டுக் கொழுப்பு அடக்கிவிடும். ஆக, வாசகருக்குத் தெரியவேண்டியது எது இனிக்கும், எது இனிக்காது என்பதுதான்.

பொங்கோலிலிருந்து, புதன் மதியம்

‘கோசோங் ஒயின்’. கோப்பிக் கடையில் பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு நம் பாட்டிமாரே ‘தே ஓ கோசோங்’ என்று கேட்கிறார்களே, யாருக்குப் புரியாது? ஆஃப் டிரைக்கு ‘சியூ தாய்’: சீனி குறைவு. முடிந்தது வேலை, சாப்பிடப் போகலாம்.

தோ பாயோவிலிருந்து, புதன் மதியம்

தம்பி, ஒன்று மலாய், ஒன்று சீனக் கிளைமொழி. தமிழ் எங்கே?

பொங்கோலிலிருந்து, புதன் பிற்பகல்

சரி ஐயா, ‘சீனியற்ற’.

தோ பாயோவிலிருந்து, புதன் பிற்பகல்

சீனி சீனத்திலிருந்து வந்த பொருளின் பெயர். சர்க்கரை வடமொழி. அக்காரவடிசிலில் உள்ள அக்காரமும் அதே சர்க்கரைதான், பிராகிருதம் வழியாக வந்தது. வெல்லம் என்று வேண்டுமானால்...

ஜூரோங்கிலிருந்து, புதன் பிற்பகல்

வெல்லமற்ற ஒயின்! ஐயா, விருந்துக்கு ஆள் வரவேண்டும்.

‘சீனியற்ற’ வேண்டவே வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருந்தாலும் ‘டிரை’ என்று ஒட்டலாம், புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 வரைகூட. 4 கிராம் என்றால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சீனி. நீரிழிவு உள்ள பெரியப்பா ‘சீனியற்ற’ என்று படித்துவிட்டு இரண்டாவது கிளாஸ் கேட்டால் யார் பதில் சொல்வது? இனிப்பைச் சொல்லுங்கள், சீனியைச் சொல்லாதீர்கள்.

ஈசூனிலிருந்து, புதன் மாலை

நன்றி அண்ணே, தெளிந்தது. அப்படியானால் ‘இனிப்பு அடங்கிய ஒயின்’?

தெம்பனிஸிலிருந்து, புதன் மாலை

‘பால் அடங்கியது’ என்று பிஸ்கட் பொட்டலத்தில் போட்டிருந்தால் பால் இருக்கிறது என்று பொருள். நேர் எதிராக வாசிப்பார்கள், அக்கா.

என் பங்குக்கு: ‘இனிப்பு வற்றிய’. குளம் வற்றுவதுபோல் சர்க்கரை வற்றிப்போகிறது, புளிக்கும்போது நடப்பதும் அதுதான். உலர்வு என்ற உருவகமும் கைவிட்டுப் போகவில்லை. ஆஃப் டிரை ‘அரைவற்று’.

உட்லண்ட்ஸிலிருந்து, புதன் இரவு

வற்றிய நன்று. ஆனால் பரிமாறுகிற பிள்ளைகள் அதை ‘வற்றல் ஒயின்’ என்று சுருக்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆச்சி வீட்டில் முந்திரிகை வற்றல் என்பதே உலர் திராட்சைதான். அம்மா கேட்ட கேள்விக்கே திரும்ப வந்து நிற்போம். (முந்திரிகை என்றால் கொட்டை அல்ல, திராட்சை. இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.)

தெம்பனிஸிலிருந்து, வியாழன் காலை

‘மணத்தக்காளி வற்றலோடு பரிமாறவும்’ என்று சேர்த்துவிடலாம். என் சொல்லைத் திரும்பப் பெறவில்லை, பதிவாகட்டும்.

தோ பாயோவிலிருந்து, வியாழன் காலை

தேறலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

ஜூரோங்கிலிருந்து, வியாழன் காலை

புறநானூறு 392இல் ஔவையார் ‘தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்’ என்கிறார், ஐயா. தேள் கொட்டியது போன்ற கடுப்பு. விவரம் தெரிந்த விருந்தாளி ரீஸ்லிங் பக்கமே வரமாட்டார்.

தோ பாயோவிலிருந்து, வியாழன் காலை

அது நாட்பட்டதற்குச் சொன்னது. ஒயினை ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிப்பவர்கள் அதைப் பெருமையாகக் கொள்ளவேண்டும்.

ஈசூனிலிருந்து, வியாழன் பிற்பகல்

‘இனிப்பற்ற’ ஷிராஸ், ‘மெல்லினிப்பு’ ரீஸ்லிங் என்று போட்டு அனுப்பிவிட்டேன். வடிவமைப்பாளர் தந்த பெட்டியில் ‘இனிப்பு வற்றிய’ இரண்டு வரியாக உடைந்து, ‘வற்றிய’ மட்டும் மட்டன் மைசூருக்கு மேலே போய் நின்றது. பார்த்தால் குழம்பு வற்றியது போலிருந்தது. ஒயின் ஒயினாகவே இருக்கிறது, ஐயா மன்னிக்கவேண்டும். ஆனால் ஷிராஸ் வருணனையில் டானினுக்குத் ‘துவர்’ என்றே எழுதியிருக்கிறேன்: ‘நாவில் மெல்லிய துவர் தங்கும்’. அம்மா படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

தோ பாயோவிலிருந்து, வியாழன் இரவு

துவர் நுழைந்தது மகிழ்ச்சி. அச்சு ஓடத் தொடங்கிவிட்டதா? இல்லையென்றால், ‘இனிப்பற்ற’ என்பதில் ஒரு குறை கண்டேன். தண்ணீரும் இனிப்பற்றதுதானே?