சவுண்டெக்ஸ் தேடலுக்கு ‘ஒலியொப்பு’ பொருந்துமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரே பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் எழுதியிருந்தாலும் கண்டுபிடிக்க உதவும் சவுண்டெக்ஸ் (Soundex) முறைத் தேடலுக்குச் சென்ற வாரம் இங்கே முன்மொழியப்பட்ட ‘ஒலியொப்புத் தேடல்’ என்னும் சொல் செவிக்கு இனிதாக இருந்தாலும், அந்த முறை செய்யாத ஒன்றைச் செய்வதாகச் சொல்லிவிடுகிறது என்பது என் தயக்கம். 1918இல் அமெரிக்காவில் ராபர்ட் ரசல் காப்புரிமை பெற்றதன் வழியில் வந்த இம்முறையில், பெயரின் முதல் ஆங்கில எழுத்து அப்படியே நிற்கும். உயிரெழுத்துகளும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவையும் விடப்படும். எஞ்சிய மெய்கள் ஆறு வகுப்புகளாகப் பிரிந்து, மூன்று இலக்கங்களாகச் சுருங்கும்; குறைந்தால் சுழியம் சேரும். பி, எஃப், பீ, வீ (B, F, P, V) ஆகிய இதழொலிகளுக்கு இலக்கம் 1. டி, டீ (D, T) இரண்டும் 3. எம், என் இரண்டும் 5. ஆகவே மணி, மீனா, மோகன் மூவருக்கும் ‘எம் 500’ என்ற ஒரே குறியீடுதான் கிடைக்கும். இம்மூன்றையும் ஒலியால் ஒத்தவை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கோத்தகிரியில் குடும்ப வரலாறு தேடி என்னிடம் வரும் இளைஞர்களில் பலர், இந்தியாவும் இலங்கையும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். பாட்டனார் எந்தத் தோட்டத்தில் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) பெயர் பதிந்திருந்தார், அவருக்கு முந்தையவர் எந்தக் கங்காணியோடு கடல் கடந்தார் என்று கைப்பேசியிலேயே தேடத் தொடங்குகிறார்கள். முதல் தடை, குடும்ப வரலாற்று இணையதளங்கள் கேட்கும் குடும்பப் பெயர். நமக்கு இருப்பது தந்தையின் பெயரும் அதன் தலைப்பெழுத்தும்தான். அதைத் தாண்டினால் எழுத்துக்கூட்டல். முத்துசாமியைப் பழைய ஆங்கிலப் பதிவேடுகள் ‘ஊ’வுக்கு இரட்டை ஓ போட்டும், ‘சாமி’க்கு நடுவில் ஒரு டபிள்யூ சேர்த்தும் எழுதியிருக்கும். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் அவர் அகப்படமாட்டார். இங்கேதான் சவுண்டெக்ஸ் கைகொடுக்கிறது: எப்படி எழுதினாலும் முத்துசாமி ‘எம் 325’தான்.

ஆனால் எல்லாப் பெயருக்கும் இது வாய்ப்பதில்லை. சென்ற மாதம் ஒரு பெண் தன் பூட்டியின் கடவுச்சீட்டைக் கொண்டுவந்தாள். மடிப்பில் கிழிந்து, ஒட்டுநாடா மஞ்சளித்திருந்த அந்தப் பக்கத்தில் ‘லெட்சுமி’ என்று, இலங்கைத் தோட்டங்களின் வழக்கப்படி, டி-சி-எச் சேர்த்துத் தட்டச்சாகியிருந்தது. அவளோ பள்ளியில் கற்ற ‘லக்ஷ்மி’ எழுத்துக்கூட்டலில் நாள்கணக்காகத் தேடியிருக்கிறாள். தாளின் பின்புறத்தில் இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தோம்: ஒன்று ‘எல் 325’, மற்றது ‘எல் 250’. நம் காதுக்கு ஒரே பெயர்; இம்முறைக்கு இரண்டு பேர். பழனிமலையின் பெயருக்கும் இதே கதிதான். ஆங்கிலேயர் எழுதிய ‘புல்னி’யும் இன்றைய ‘பலனி’ எழுத்துக்கூட்டலும் ‘பி 450’இல் சேர்ந்துகொள்ள, ழகரத்தை மதித்து இசட்-எச் போட்டு எழுதுபவர் மட்டும் ‘பி 250’க்குத் தள்ளப்படுகிறார். தமிழுக்கு உண்மையாக இருந்ததற்கு இது நல்ல பரிசு!

ஆகவே பெயரில் வரவேண்டியது ஒப்பு அன்று, வகுப்பு. இந்தக் கருத்துக்கு நம் இலக்கணத்தில் சொல் ஆயத்தமாகவே இருக்கிறது: இனம். வல்லினம், மெல்லினம், இனவெழுத்து என்று பள்ளியிலேயே பழகிவிடுகிறோம். யாப்பிலும், அடிகளின் இரண்டாம் எழுத்து அதே எழுத்தாக இல்லாமல் அதன் இனமாக வந்தால் இனவெதுகை என்கிறோம். சவுண்டெக்ஸ் செய்வதும் ஏறக்குறைய அதுவே. (முதல் எழுத்தில் மட்டும் அது விட்டுக்கொடுக்காது. அதனால் சின்னப்பனைச் ‘சி’யிலும் ‘எஸ்’இலும் தனித்தனியே தேடித்தான் ஆகவேண்டும்.)

இந்த எண்ணத்தில் ‘இனவொலித் தேடல்’ என்று எழுதிவைத்திருந்தேன். அதே பெண்ணிடம் காட்டியபோது, “இதில் எங்கள் சாதியைப் போட வேண்டுமா ஐயா?” என்று கேட்டாள். குடும்ப வரலாற்றுப் படிவத்தில் ‘இனம்’ என்ற சொல் முன்னால் நின்றால் வேறு எப்படிப் படிப்பார்கள்? எனவே சொல்லைத் திருப்பி, ‘ஒலியினத் தேடல்’ என்று முன்மொழிகிறேன். ஒலி முன்னால் வந்துவிட்டதால் இனம் எதனுடையது என்ற ஐயம் எழாது. அதில் கிடைக்கும் எழுத்தும் இலக்கமும் சேர்ந்தது ‘ஒலியினக் குறியீடு’. சவுண்டெக்ஸ் என்பது அந்த ஒரு முறையின் சிறப்புப் பெயராக அப்படியே இருக்கட்டும். ழகரத்தையும் லெட்சுமியையும் அறிந்த தமிழ் முறை ஒன்றை நாளை யாரேனும் எழுதினால், அதுவும் ஒலியினத் தேடல்தான்.

ஆங்கிலத்தின் ‘ஃபசி சர்ச்’ (fuzzy search) என்பதை அப்படியே பெயர்த்த ‘மங்கல் தேடல்’ வேண்டாம் என்பதில் முன்பு எழுதியவர்களோடு உடன்படுகிறேன். மங்கியிருப்பது பதிவேடு, தேடல் அன்று.

தளத்தில் சொல் எப்படி நிற்கும் என்று பார்க்க ஒரு வரி: “பெயர் கிடைக்கவில்லை. ஒலியினத் தேடலில் மீண்டும் தேடவா?” இதில் இடறுபவர்கள் எந்த இடத்தில் இடறுகிறது என்று எழுதினால் திருத்திக்கொள்ளலாம்.