அடுத்த அறையிலிருந்து வரும் வாட்ஸ்அப் சண்டை: உங்கள் அனுபவம் என்ன?

மழைத்துளி:
போனைப் பற்றிய வழக்கமான சண்டைதான். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் பெயருக்குக் கீழே 'டைப் செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நடுவில் இருப்பது ஒரு சுவர், நான் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீளமாக ஒரு மெசேஜ் வந்தது. "அம்மா, நீ எப்பவுமே" என்பது வரை படித்தேன், அதற்குள் அழித்துவிட்டாள். அப்புறம் சாப்பிட வந்தவள் சாதாரணமாகத்தான் பேசினாள். நான் எப்பவுமே என்ன? அது இன்னும் என்னைத் தூங்க விடவில்லை.

பதினேழு:
அம்மா தனியாகத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மார்க் விஷயத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டார்கள். தனிச் சாட்டில் நீல டிக்கை மறைக்கலாம், குரூப்பில் முடியாது. நான் படித்தது அம்மாவுக்குத் தெரியும். பதில் போட்டால் எதிர்த்துப் பேச்சு, போடாவிட்டால் திமிர். சித்தப்பா ஒரு கட்டைவிரல் போட்டார். அந்தக் கட்டைவிரலை என்னால் மறக்கவே முடியவில்லை.

நிலா:
எனக்கு லைவ் லொகேஷன். அதிகபட்சம் 8 மணி நேரம்தான், பிறகு தானாக நின்றுவிடும். நானே அணைத்தேன் என்று அப்பா இன்றுவரை நம்புகிறார்.

கரும்பலகை:
மழைத்துளி, மகளிடம் கேட்காதீர்கள். அழித்ததைத் தோண்டினால் அடுத்த முறை எழுதவே மாட்டாள். என் மகன் ஒருமுறை சண்டைக்கு நடுவே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "அப்பா" என்ற ஒரு சொல், பிறகு விம்மல். அவ்வளவுதான், என் கோபம் போய்விட்டது. அதனால் சொல்கிறேன்: கோபத்தில் டைப் செய்யாதீர்கள், குரலில் அனுப்புங்கள். எழுத்தில் 'சரி' என்று மட்டும் போட்டால் பிள்ளைகளுக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி. 2023-இலிருந்து 15 நிமிடத்துக்குள் மெசேஜைத் திருத்தவும் முடியும், அதைப் பயன்படுத்துங்கள். பதினேழு, நீ அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்க வேண்டும். பெரியவர்கள் குரூப்பில் போடுவது அக்கறையில்தான்.

பதினேழு:
தனியாகத்தான் எழுதினேன் சார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே குரூப்பில் போட்டார்கள். அதை அக்கறை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.
மழைத்துளி ஆன்ட்டி, எனக்கென்னவோ நீங்கள் கேட்கலாம் என்றுதான் தோன்றுகிறது. நான் எதையாவது அழித்தால், 'என்ன எழுதினாய்' என்று அம்மா கேட்பார்களா என்று ரொம்ப நேரம் காத்திருப்பேன்.