பழைய கன்சோல்களுக்குத் திரும்புவது இன்றைய கேம் துறையின் உரிமைச் சிக்கலுக்கு விடையாகுமா?

எட்டுபிட் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். தொண்ணூறுகளில் நம் ஊர்களில் 'டிவி கேம்' என்று விற்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, நின்டென்டோ 1983ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்களே என்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். அத்தகைய நகலில் விளையாடி வளர்ந்தவன் என்பதால், அசல் கருவி ஒன்றையும் அதற்குரிய கேசட்டுகளையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக உண்டு. இப்போது அதைத் தீவிரமாக எண்ண வைத்திருப்பது இன்றைய கேம் துறையின் போக்கு.

2023 மார்ச் 27 அன்று வீ யூ, 3டிஎஸ் ஆகிய இரு கருவிகளின் இணையக் கடைகளிலும் நின்டென்டோ விற்பனையை நிறுத்தியது. 2024 ஜூலை 29 அன்று எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை மூடப்பட்டது. இவற்றைவிட என்னை அதிகம் உலுக்கியது, யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய ஆட்டத்துக்கு நேர்ந்த முடிவு. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டபோது, முழு விலை கொடுத்து வட்டாக வாங்கி வைத்திருந்தவர்களால்கூட அதைத் தனியாக விளையாட முடியாமல் போயிற்று. இப்போது சுவிட்ச் 2 கருவிக்குக் 'கேம்-கீ கார்டு' என்ற ஒன்று விற்கப்படுகிறது. கடையில் பெட்டியோடு வாங்கினாலும், அந்த அட்டைக்குள் ஆட்டம் இருப்பதில்லை, அதைத் தரவிறக்குவதற்கான அனுமதி மட்டுமே இருக்கிறது.

ஆகவே ஜப்பானிலிருந்து, ஃபேமிகாமுக்கு அடுத்த தலைமுறைக் கருவியான சூப்பர் ஃபேமிகாம் ஒன்றையும் நான் விரும்பும் ஆட்டங்களின் கேசட்டுகளையும் வரவழைக்கலாம் என்று எண்ணுகிறேன். இது அறிவான செலவுதானா, அல்லது பழைய கருவியின் சில்லுகளைப் போலவே இயங்குமாறு மாற்றியமைக்கத்தக்க சில்லைக் கொண்ட, மிஸ்டர் போன்ற எஃப்பிஜிஏ கருவியே போதுமா? பழைய கருவி வைத்திருப்பவர் இந்த உரிமைச் சிக்கலிலிருந்து உண்மையிலேயே விடுபட்டவர்தானா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஈயப்பற்று எழுதியது:

நல்ல கேள்வி, எட்டுபிட். பழைய கன்சோல்களைப் பழுதுபார்ப்பதில் ஈடுபாடுள்ளவன் என்ற முறையில் கருவியைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். 'பழைய கருவி அழியாதது' என்ற நம்பிக்கையோடு பணத்தைப் போட்டுவிட்டுப் பின்னர் மனம் வருந்துபவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் தேர்ந்திருக்கும் சூப்பர் ஃபேமிகாம் நல்ல தேர்வு. 1990இல் வெளிவந்த அந்தக் கருவியில் சுழலும் பாகமோ லேசரோ கிடையாது. கேசட்டில் உள்ள ஆட்டம் மாஸ்க் ரோம் சில்லில் உற்பத்தியின்போதே பதிக்கப்பட்டது என்பதால், ஈரமும் அரிப்பும் படாமல் வைத்திருந்தால் எளிதில் கெடாது. அதே 1990இல் வந்த கையடக்கக் கருவியான சேகா கேம் கியரை எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். அதன் போர்டில் உள்ள சிறிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் கசிந்து, ஒலி குறைவதும் திரை மங்குவதும் ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் காணக்கூடிய குறை; கெப்பாசிட்டர்கள் மாற்றப்படாத கேம் கியரை வாங்குபவர் பழுதுபார்ப்புச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்காக வைக்கப்பட்ட கெப்பாசிட்டர் கசிந்து, சுற்றியுள்ள செம்புத் தடங்களையே அரித்துவிடும். முதல் பிளேஸ்டேஷனின் தொடக்க கால மாடல்களில் லேசர் நகரும் தடம் பிளாஸ்டிக்கால் ஆனது. அது தேய்ந்ததும் வட்டைப் படிக்கத் திணறியதால், அக்காலத்தில் பலர் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடினார்கள்.

மின்சாரத்தில் மிகுந்த கவனம் தேவை. ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட், நமக்கு 230 வோல்ட். கருவியோடு வரும் அடாப்டரை நம் பிளக்கில் நேரடியாகச் செருகினால் அது அங்கேயே முடிந்துவிடும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்ளலாம். அல்லது 10 வோல்ட், 850 மில்லிஆம்பியர் தரக்கூடிய, நடுமுனை எதிர்மின்னாக உள்ள அடாப்டரை இங்கேயே தேடி வாங்கலாம். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை நடுமுனை நேர்மின்னாக உள்ளவை என்பதால், மீட்டர் வைத்துச் சரிபார்க்காமல் எதையும் செருக வேண்டாம்.

திரையைப் பொறுத்தவரை, அக்காலக் கருவிகள் தரும் 240 வரிப் படத்தை இன்றைய டிவிகள் பல, இரு பாதிகளாக வரும் 480 வரிப் படமென்று தவறாக எடுத்துக்கொண்டு அதைச் செப்பனிட முயல்கின்றன. அதனால் படம் கலங்குவதோடு, பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே தாமதமும் ஏற்படுகிறது. பழைய பிக்சர் டியூப் டிவி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஜப்பான் கருவி என்டிஎஸ்சி முறையில் படம் தருவதால், நம் நாட்டு டிவி அதை ஏற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவையும் உங்களைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை. மேற்சொன்ன குறை ஒவ்வொன்றுக்கும், ரிச்சி தெருவில் கிடைக்கும் உதிரிபாகங்களையும் ஒரு சால்டரிங் அயனையும் வைத்துக்கொண்டு நம்மால் ஏதாவது செய்ய முடிகிறது. யாருடைய அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை. 'தி க்ரூ' வட்டை வைத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. வேறுபாடு அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

பின்னிரவுப்பணி எழுதியது:

ஈயப்பற்று அவர்கள் சொன்ன தொழில்நுட்ப விவரங்களில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 'அக்காலம் உரிமையின் காலம், இக்காலம் வாடகையின் காலம்' என்று பிரிப்பதை ஏற்க முடியவில்லை. எட்டுபிட் வாங்க நினைக்கும் அதே சூப்பர் ஃபேமிகாமுக்கு, சாட்டலாவியூ என்ற துணைக்கருவி 1995இல் ஜப்பானில் வந்தது. செயின்ட் கிகா என்னும் செயற்கைக்கோள் வானொலி நிறுவனத்தின் வழியாக ஆட்டங்கள் ஒலிபரப்பப்பட்டன. அவற்றுள் சிலவற்றைக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே விளையாட முடியும். ஆட்டத்தோடு நேரலையாக வந்த குரலும் இசையும் விளையாடுபவரின் நினைவகப் பெட்டியில் பதிவாகவே இல்லை. 2000ஆம் ஆண்டு அந்தச் சேவை நின்றபோது, யாரேனும் தற்செயலாகச் சேமித்து வைத்திருந்தவை தவிர மற்றவை போயின. ஆர்வலர்கள் இன்றுவரை பழைய நினைவகப் பெட்டிகளைத் தேடித் துண்டுதுண்டாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். கருவியின் வயது அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆட்டம் வேறொருவரின் ஒலிபரப்பை நம்பி இருந்ததே கேடாயிற்று.

நான் சர்வர் நிரல் எழுதும் பணியில் இருப்பவன். இணைய ஆட்டம் ஒன்றின் பின்புலத்தில் கணக்குச் சரிபார்ப்பு, எதிராளியைப் பொருத்துதல், முன்னேற்றத்தைச் சேமித்தல் எனப் பல சேவைகள் தனித்தனியே இயங்குகின்றன. அவற்றில் சில வேறு நிறுவனங்களிடமிருந்து உரிமம் பெற்றவை. ஆட்டம் முடிவுக்கு வரும் நாளில் இவை அனைத்தையும் மூட்டையாகக் கட்டி ரசிகர்களிடம் கொடுத்துவிட முடியாது என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை, இன்று ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட ஆட்டங்களுக்குத்தான் பொருந்தும். முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தொடக்க வடிவமைப்பிலேயே எண்ணிவிட்டால் செலவு வெகுவாகக் குறையும். யூபிசாஃப்ட் நிறுவனமே, எதிர்ப்பு வலுத்த பிறகு, 'தி க்ரூ 2' ஆட்டத்துக்கு இணையமின்றி விளையாடும் வழியைத் தருவதாக 2024இல் அறிவித்தது. அறிவித்தபடி 2025இல் தரவும் செய்தது. முதல் ஆட்டத்துக்கும் மனம் வைத்திருந்தால் அதே வழி கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ராஸ் ஸ்காட் என்பவர் 2024 ஏப்ரலில் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பதும் இவ்வளவுதான். சர்வர்களை என்றென்றும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. விற்ற பொருளை, ஆதரவை நிறுத்தும்போது விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்களது குடிமக்கள் கோரிக்கை 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பங்களைக் கடந்தது. இதற்கு மறுமொழியாகத் துறையின் அமைப்பான 'வீடியோ கேம்ஸ் யூரோப்', தனியார் சர்வர்களில் சட்டவிரோத உள்ளடக்கத்தைத் தடுக்க முடியாது, உரிமையாளர்கள் மீது சட்டப் பொறுப்பு விழும் என்றெல்லாம் வாதிட்டது. தனியாக விளையாடும் பகுதியைக்கூடப் பூட்டி வைத்ததற்கு இந்த வாதங்களில் எதுவும் விடையாகாது.

கேம்-கீ கார்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000ஆம் ஆண்டு முதல் பெட்டிகளில் விற்கப்படும் ஆட்டங்களையும் சேகரித்து வருகிறது. இந்த அட்டைகளுக்குள் உள்ளடக்கம் இல்லாததால் அவை தன் சேகரிப்பின் வரம்புக்குள் வாரா என்று அந்த நூலகம் கூறிவிட்டது. ஒரு நாட்டின் நூலகமே ஏற்க மறுக்கும் பொருளை நம் அலமாரியில் வைத்துப் பாதுகாப்பதில் என்ன பயன்? அதே கருவிக்கு 'சைபர்பங்க் 2077' முழு ஆட்டமும் 64 ஜிபி கார்டுக்குள்ளேயே வைத்து விற்கப்பட்டது. முடியாது என்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

தர்க்கவாயில் எழுதியது:

எஃப்பிஜிஏ பற்றிய கேள்விக்கு மட்டும் விடையளிக்கிறேன். மிஸ்டர் என்பது டெராசிக் நிறுவனத்தின் டிஇ10-நானோ போர்டை அடிப்படையாகக் கொண்ட திறந்தமூலத் திட்டம். பழைய கருவியின் சில்லுகள் செய்த வேலையை, மாற்றியமைக்கத்தக்க தர்க்கச் சுற்றுகளைக் கொண்டு மீண்டும் உருவாக்குகிறார்கள். ஆகவே தாமதம் மிகவும் குறைவு. ஆயினும் 'எஃப்பிஜிஏ என்றாலே அசலுக்கு நிகர்' என்ற விளம்பரப் பேச்சை நம்ப வேண்டாம். அந்தச் சுற்றுகளை எழுதியவர்களும் மனிதர்களே. பழைய கருவியைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருள்களான எமுலேட்டர்களை உருவாக்கியவர்கள் பல்லாண்டுகள் உழைத்துக் கண்டறிந்த விவரங்களின் மேல்தான் அவர்களது வேலையும் நிற்கிறது. நல்ல கணினி வைத்திருப்பவருக்கு, சூப்பர் ஃபேமிகாமைப் பொறுத்தவரை பிஎஸ்னெஸ் போன்ற எமுலேட்டரே மிகத் துல்லியமானது.

சட்டத்தைப் பற்றியும் குழப்பம் நிலவுகிறது. பிளேஸ்டேஷன் எமுலேட்டரை விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், கருவியின் உள்மென்பொருளை ஆராய்வதற்காக நகலெடுத்தது நியாயமான பயன்பாடே என்று 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் நின்டென்டோ வழக்குத் தொடுத்ததும், சுவிட்ச் எமுலேட்டரான யூசுவின் உருவாக்குநர்கள் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு திட்டத்தை மூடினார்கள். அங்கே முன்வைக்கப்பட்ட வாதம், ஆட்டங்களின் குறியாக்கப் பூட்டைத் திறப்பது பற்றியது. சூப்பர் ஃபேமிகாம் கேசட்டுகளில் அத்தகைய குறியாக்கம் இல்லை. இன்றைய ஆட்டங்களைப் பாதுகாப்பது நாளை எவ்வளவு கடினமாகும் என்பதை இந்த ஒரு வேறுபாடே காட்டுகிறது. எனக்கு இது உண்மையான கவலை.

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்வு வெளியிட்டது. அவற்றை விளையாட விரும்புபவர் பழைய கேசட்டைத் தேட வேண்டும், அல்லது யாரோ எடுத்து வைத்த நகலைத் தேட வேண்டும். இரண்டுமே தேவை என்பது என் நிலைப்பாடு.

எட்டுபிட் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சாட்டலாவியூ பற்றி இதற்கு முன் நான் அறிந்ததில்லை. என் கேள்வியின் இரண்டாம் பகுதியை அது முற்றிலும் வேறு வெளிச்சத்தில் காட்டிவிட்டது. ஆட்டம் முழுவதும் கைக்குள் இருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்குவதே சரியென்று இப்போது தோன்றுகிறது. அது பழையதாக இருந்தாலும் புதியதாக இருந்தாலும் சரி. சூப்பர் ஃபேமிகாமை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். ஈயப்பற்று அவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி: ஆட்டத்தின் நிலையைச் சேமிக்கும் கேசட்டுகளில் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும் என்கிறார்களே, அவற்றைத் தவிர்க்க வேண்டுமா?

ஈயப்பற்று எழுதியது:

தவிர்க்க வேண்டியதில்லை. அவற்றில் இருப்பது பெரும்பாலும் சிஆர்2032 பட்டன் செல். அது தீர்ந்தாலும் ஆட்டம் ஓடும், சேமிப்பு மட்டும் நிற்காது. கேசட்டைத் திறக்க, இவற்றின் தனிவகைத் திருகாணிகளுக்கான 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளி வேண்டும், கன்சோலுக்கு 4.5 மில்லிமீட்டர். இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். சாதாரண செல்லின் மீது நேரடியாகச் சால்டரிங் செய்வது ஆபத்தானது. சூட்டில் அது வெடிக்கக்கூடும். ஆகையால் இரு முனைகளிலும் உலோகத் தகடு ஏற்கெனவே பற்றவைக்கப்பட்ட செல்லாகப் பார்த்து வாங்குங்கள்.

செல்லை எடுத்த சில நொடிகளிலேயே பழைய சேமிப்பு அழிந்துவிடும். முன்பு விளையாடியவர் விட்டுச் சென்ற சேமிப்பு இன்னும் உயிரோடு இருந்து, அதைக் காப்பாற்ற விரும்பினால், முதலில் கேசட் ரீடர் கொண்டு கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். கன்சோலை இயக்கத்தில் வைத்தபடியே செல்லை மாற்றுவோரும் உண்டு. கை தவறினால் போர்டே போய்விடும் என்பதால் முதல்முறை செய்பவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. செல்லின் நேர், எதிர் முனைகள் போர்டில் குறிக்கப்பட்டிருக்கும். பழையதைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருவி வந்து சேர்ந்ததும் உள்போர்டின் படத்தை இங்கே இடுங்கள், கெப்பாசிட்டர்களின் நிலையைப் பார்த்துச் சொல்கிறேன்.