குழந்தையைப் பற்றிய முடிவைக் குடும்பத்திடம் விடலாமா?

செங்காந்தள்:
வீட்டில் ஆபத்தில் இருக்கும் குழந்தையைப் பாதுகாக்கும் திட்டத்தை அதிகாரிகள் அலுவலகத்திலேயே எழுதி முடித்துவிட்டு, பெற்றோரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது பங்கேற்பு ஆகாது. பூர்வகுடிகளான மாவோரி மக்களின் குழந்தைகளைச் சொந்தங்களிடமிருந்து பிரித்ததற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாகத்தான் நியூசிலாந்து 1989 சட்டத்தில் குடும்பக் குழுக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் அதிகாரிகள் நிலவரத்தைச் சொல்லிவிட்டு வெளியேறுவார்கள். சொந்தங்கள் மட்டும் தனியே பேசித் திட்டம் போடுவார்கள்.

வடகரை:
அந்தத் தனி நேரம்தான் உறுத்துகிறது. அடிக்கிறவர் எதிரே உட்கார்ந்திருந்தால் தாய் வாய் திறப்பாரா? வீட்டில் யார் குரல் ஓங்கியிருக்கிறதோ அதுதான் திட்டமாகும். ஸ்வீடனில் 3 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். வழக்கமான விசாரணை நடந்த குழந்தைகளைவிட, இப்படிக் கூட்டம் நடந்த குழந்தைகளைப் பற்றித்தான் மறுபுகார் அதிகம்.

செங்காந்தள்:
அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: அந்த மறுபுகார்களைக் கூடுதலாகக் கொடுத்தவர்கள் உறவினர்கள். முன்பு வாய்மூடி இருந்திருக்கக்கூடிய அத்தையும் மாமாவும் கண்காணிக்கத் தொடங்கினார்கள் என்றே நான் அதைப் படிக்கிறேன். வன்முறை இருக்கும் வீட்டில் அடிக்கிறவரை அறைக்குள் விடவே கூடாது. அவர் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுக்கட்டும். தாய்க்குத் துணையாக அவர் நம்பும் ஒருவர் இருக்க வேண்டும். குழந்தையிடம் முன்கூட்டியே தனியாகப் பேசி, அது சொல்வதை அதன் வார்த்தையிலேயே கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

வடகரை:
இதையெல்லாம் செய்ய வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்காமல் இரண்டு தொலைபேசி அழைப்போடு கூட்டம் கூட்டுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. இன்றிரவே ஆபத்து என்றால் முதலில் குழந்தையைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டும், கூட்டம் பிறகுதான்.

ஓடம்:
அவசர வழக்கில் வடகரை சொல்வதுதான் சரி. மற்றவற்றில் இருவரும் தொடாத ஓர் இடம் உண்டு. எதில் விட்டுக்கொடுக்க முடியாது என்பதை அதிகாரி கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். உதாரணமாக, "குடித்திருக்கும் நேரத்தில் தந்தை குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது." அது தெரியாமல் குடும்பம் மணிக்கணக்கில் பேசிப் போட்ட திட்டத்தை அதிகாரி நிராகரித்தால், அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். கூட்டத்தை நடத்துபவர் அந்த வழக்கைக் கையாளும் பணியாளராகவும் இருக்கக் கூடாது.

வடகரை:
திட்டத்தின் வாசகம்? "பாட்டி பார்த்துக்கொள்வார்" என்று எழுதினால் போதுமா?

ஓடம்:
போதாது. எந்தெந்த நாள், எத்தனை மணி வரை, பாட்டிக்கு உடம்பு முடியாவிட்டால் யார், செலவு யாருடையது, ஏற்பாடு முறிந்தால் யாருக்கு முதலில் சொல்வது என்று வரிவரியாக எழுத வேண்டும். மறுபார்வைத் தேதியைக் குறிக்காமல் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது.

செங்காந்தள்:
செலவு என்ற வரியைத்தான் துறைகள் விட்டுவிடுகின்றன. வளர்ப்புக் குடும்பத்துக்குக் கொடுக்கும் உதவித்தொகையைப் பாட்டிக்குக் கொடுக்க மறுத்தால், திட்டம் முறியும். பழி குடும்பத்தின் மேல் விழும்.