சினாடுக்கு மொதத் தடவையா போறேன், போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் திருமங்கலம் பக்கம் ஒரு கிராம சபை, மதுரை ராமநாதபுரம் பேராயம் (ஒரு பிஷப்புக்குக் கீழ இருக்குற சபைகள்). இந்தத் தடவை சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சினாடுக்கு, அதான் எல்லாப் பேராயமும் சேந்து கூடுற தலைமை மன்றத்துக்கு, சபை மக்கள் சார்பா போறவங்கள்ல என்னையும் தேர்ந்தெடுத்துருக்காங்க. சந்தோஷம்தான், ஆனா பெரிய பொறுப்பு, திருச்சபைத் தலைவரான மாடரேட்டர்ல இருந்து பொருளாளர் வரைக்கும் அங்க போடுற ஓட்டுலதான முடிவாகுது.

முக்கியமா கேக்குறது இதான். எங்க பக்கம் சின்ன சபைகள்ல ஞாயித்துக்கிழம ஆராதனையே உபதேசியார்தான் (குருப்பட்டம் இல்லாத சபை ஊழியர்) நடத்துறாரு, ஐயருக்கு (குருவானவருக்கு) ஒரே சேகரத்துல, அதான் அவர் பாக்குற சபைகள்ல, அத்தன ஊரு, ஆனா உபதேசியாருக்குக் கெடைக்கிற சம்பளத்துல பிள்ளைகள படிக்க வைக்க முடியல, வயசாகி நின்னுட்டா கையில ஒண்ணும் இல்ல. இத தீர்மானமா கொண்டு போகணும்னா எத்தன நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும், பேராய ஆபீஸ் வழியாதான் போகணுமா, இல்ல அங்கயே எந்திரிச்சுப் பேசலாமா? தெலுங்கு, மலையாளம், கன்னடம்னு எல்லாப் பக்கமும் ஆளுக வர்றதால இங்கிலீஷ்லதான் பேச்சு போகும்ங்குறாங்க, நான் தமிழ்ல பேசுனா மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருக்குமா?

1947ல சபைகள் இணைஞ்சு சிஎஸ்ஐ ஆகுறதுக்கு முன்னாடி, அமெரிக்கன் மிஷன் காலத்துல இருந்தே எங்க பக்கம் சபையா கூடிப் பேசி முடிவெடுத்த பழக்கம். சும்மா கையத் தூக்கிட்டு வர எனக்கு மனசு வராது.

அப்புறம் சினாட் சட்டப் புத்தகம் தமிழ்ல யார்ட்டயாச்சும் இருக்கா? அரசரடி இறையியல் கல்லூரி லைப்ரரில வெளியாளுகள உக்காந்து படிக்க விடுவாங்களா? தெரிஞ்ச அண்ணன்மாரு, அக்காமாரு கமெண்ட்ல சொல்லுங்க, போன்ல பேசுனாலும் சரி.