மகளுக்கு நாலு மாசத்துல மூணாவது கண்கட்டி, வழி சொல்லுங்க

தறிமேடு:
வணக்கங்க. என் பொண்ணுக்கு 16 வயசு, பிளஸ் ஒன் படிக்கிறா. வலது கண் மேல் இமையில, முடி முளைக்கிற ஓரத்துல கட்டி வந்து இன்னைக்கு மூணாம் நாள். சிவந்து வீங்கி, நடுவுல மஞ்சளா முனை கட்டியிருக்கு. கண்ணைச் சிமிட்டினாலே வலிக்குதுங்கிறா. ஜூன்ல இடது கண்ணுல வந்துச்சு, ஆகஸ்ட்ல மறுபடியும் அதே கண். ஒத்தடம் கொடுத்துப் பார்த்தோம், கேக்கல. மருந்துக் கடையில போன தடவை கொடுத்த சொட்டு மருந்தையே ரெண்டு நாளா விடுறோம். மாமியார் நாமக்கட்டி உரசிப் போடச் சொல்றாங்க. திங்கட்கிழமை பரீட்சை. அந்த முனையைக் கிள்ளி விட்டா சீக்கிரம் வத்திடுமா?

மல்லிகைப்பந்தல்:
கிள்ளாதேம்மா! எங்க வீட்டுல எல்லாருக்கும் நாமக்கட்டிதான். உள்ளங்கையில விரலைச் சூடு பறக்கத் தேய்ச்சு கட்டி மேல வெப்போம். உடம்புச் சூடுதான் காரணம், எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லு.

இமைக்காவல்:
கண் பிரிவுல 14 வருஷமா செவிலியரா இருக்கேன். தறிமேடு அக்கா, முதல்ல ரெண்டு கேள்வி. ஒத்தடம் எதுல, எத்தனை நிமிஷம் கொடுத்தீங்க? சொட்டு மருந்து டப்பாவுல என்ன மருந்துன்னு போட்டிருக்கு?

தறிமேடு:
துணியைச் சுடுதண்ணியில நனைச்சு ராத்திரி மட்டும், ரெண்டு நிமிஷம் இருக்கும். டப்பாவுல ரெண்டு பேர் இருக்குங்க, ஒண்ணு டெக்ஸாமெத்தசோன்.

இமைக்காவல்:
அது ஸ்டீராய்டு. கண் டாக்டர் பார்த்து எழுதாம அதைத் தொடவே கூடாது. வீக்கம் அடங்கின மாதிரி இருக்கும், ஆனா கிருமியை எதிர்க்கிற சக்தியை அது குறைச்சிடும். நாள்பட விட்டா கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பையே கெடுக்கும். இன்னைக்கே நிறுத்திட்டு டப்பாவைப் பத்திரமா வைங்க, டாக்டர்கிட்ட காட்டணும்.

முனையைக் கிள்ளவோ ஊசியால குத்தவோ வேண்டாம். இமை முடியோட வேர்ல இருக்கிற சின்ன எண்ணெய்ச் சுரப்பியில, பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ்ங்கிற கிருமி புகுந்து சீழ் பிடிக்கிறதுதான் கண்கட்டி. அமுக்கினா சீழ் வெளியேதான் வரும்னு இல்ல, உள்ளே பரவி இமை முழுக்க வீங்கிடும்.

ஒத்தடம் கேக்காததுக்குக் காரணம் ரெண்டு நிமிஷம்தான். நனைச்ச துணி ஒரு நிமிஷத்துலயே ஆறிடும். சுத்தமான துணியை நாலா மடிச்சு, கை பொறுக்கிற சூட்டுல நனைச்சுப் பிழிஞ்சு, மூடின இமை மேல வைங்க. ஆற ஆற மறுபடி நனைச்சு, மொத்தம் பத்து நிமிஷம். ஒரு நாளைக்கு நாலு வேளை. அப்பதான் அடைச்சிருக்கிற கொழுப்பு இளகி, வழி தானா திறக்கும். கட்டி உடைஞ்சா சீழைக் கொதிச்சு ஆறின தண்ணியில நனைச்ச பஞ்சால துடைங்க, ஒரு பஞ்சு ஒரு தடவைதான். துண்டு, தலையணை உறையை வேற யாரும் தொட வேண்டாம். கண் மை கண்டிப்பா வேண்டாம், பழைய மை டப்பாவைத் தூக்கிப் போடுங்க.

மல்லிகைப்பந்தல் அம்மா, நீங்க சொன்னதுல சூடுங்கிற விஷயம் சரிதான். ஆனா விரல் சூடு நொடியில போயிடும், நகக்கண்ணுல இருக்கிற கிருமி தங்கிடும். நாமக்கட்டியோ, காய்ஞ்சு உதிர்ற தூள் கருவிழியில உரசுது. அப்படி வந்து நின்னவங்களை நான் பார்த்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

வீக்கம் கன்னம் வரைக்கும் பரவினா, காய்ச்சல் வந்தா, பார்வை மங்கினா, கண்ணை உருட்டும்போது உள்ளே வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும், விடியட்டும்னு இருக்காதீங்க. இதெல்லாம் இல்லேன்னாலும், மூணு தடவை வந்ததால ஒரு முறை கண் டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

லாரிப்பட்டறை:
அக்கா சொல்றது முக்கியம். எனக்கு 41 வயசுல இப்படித்தான் கட்டி மாத்தி மாத்தி வந்துச்சு. சூட்டுல லாரி ஓட்டுறதால வருதுன்னு இளநீரா குடிச்சேன். கடைசியில ரத்தம் எடுத்துப் பார்த்தா சர்க்கரை, அதுவும் வெறும் வயித்துல 210. தங்கச்சிக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க.

தறிமேடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கிழமை காலையில கட்டி தானா உடைஞ்சுது, பரீட்சையும் எழுதிட்டா. நேத்து கண் டாக்டரைப் பார்த்தோம். சர்க்கரை இல்ல. ஆனா ரெண்டு கண்லயும் பவர் இருக்குதாம். சரியாத் தெரியாம ராத்திரி படிக்கும்போது கண்ணைக் கசக்கிக்கிட்டே இருந்திருக்கா, அந்தக் கையிலிருந்துதான் கிருமி போயிருக்கும்னார். இமை ஓரத்துலயும் பொடுகு மாதிரி செதில் இருக்காம். கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கார், தினமும் இமையைச் சுத்தம் பண்ணச் சொன்னார். அதை எப்படிப் பண்றதுன்னு அங்கே கேக்க மறந்துட்டேன். கட்டி இருந்த இடத்துல இன்னும் மிளகு அளவு தடிப்பும் இருக்கு, வலி இல்ல.

இமைக்காவல்:
கேக்கவே நிம்மதியா இருக்குக்கா. முதல்ல அஞ்சு நிமிஷம் ஒத்தடம். அப்புறம் குழந்தைங்க ஷாம்பு ரெண்டு மூணு சொட்டை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில கலந்து, பஞ்சை நனைச்சு, கண்ணை மூடிக்கிட்டு இமை முடி வேரோரமா மெதுவாத் துடைச்சுட்டு வெறும் தண்ணியில கழுவணும். செதில் போனாலும் விட்டுடாதீங்க, அது திரும்பத் திரும்ப வர்ற குணம்.

வலியில்லாத தடிப்பு, சுரப்பி அடைச்சு நின்ன கொழுப்பா இருக்கும். கரைய ஒரு மாசம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். அதுக்கும் ஒத்தடம்தான். கரையாம பெருசானா, மரத்துப்போக ஊசி போட்டு இமையோட உள்பக்கமா சின்னதாக் கீறி எடுத்துடுவாங்க, அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். கண்ணாடி வந்ததும் வீட்டுலயும் போட்டுக்கிட்டே படிக்கச் சொல்லுங்க.

மல்லிகைப்பந்தல்:
பேரனுக்கும் இமை ஓரம் அதே மாதிரி செதில் இருக்கும்மா, ஆறு வயசு. அவனுக்கும் இந்த ஷாம்பு தண்ணி ஆகுமா?

இமைக்காவல்:
ஆகும்மா, ஆனா ஒரு தடவை டாக்டர் பார்த்த பிறகு. சின்னப் பிள்ளைங்களுக்கு இமை முடியில பேன் ஒட்டியிருந்தாலும் செதில் மாதிரியேதான் தெரியும்.